இடது குழலில் இருந்த தோட்டா

தம்பி,

போன வாரம் புதன்கிழமை நீ போன் பண்ணினப்ப நான் கடையிலதான் இருந்தேன். கல்யாணத்தை ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சுக்கறோம்ப்பா, சொந்தபந்தம் யாரையும் கூப்பிடல, நீங்க மட்டும் வந்தா போதும்னு சொன்ன. ஷாலினி வீட்ல ஏதாவது சொன்னாங்களான்னு கேட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லலன்ன. அப்புறம் எதுக்குடா இந்தத் திருட்டுக் கல்யாணம்னு நான் கத்தினேன், என் வாய்தான் உனக்குத் தெரியுமே. நீ "தாய்மாமன் மாலை போடணும். மாமா அந்தக் கையோட எனக்கு மாலை போடறதை நிமிர்ந்து பார்க்க என்னால முடியாதுப்பா"ன்னு சொல்லிட்டு வெச்சுட்ட. அதுக்கப்புறம் உனக்குத் திருப்பிப் போடலாம்னு மூணு தடவை போனைக் கையில எடுத்தேன். நான் ஆரம்பிச்சா நீ "மீட்டிங் இருக்குப்பா, அப்புறம் பேசறேன்"ன்னு வெச்சுடுவ. நீ வெச்சுட்டா நானும் அப்பாடான்னு விட்டுடுவேன். என் புத்தி எனக்குத் தெரியாதா. அதான் எழுதறேன்.

முதல்ல சொல்ல வேண்டியதை முதல்லயே சொல்லிடறேன். உன் மாமா முனிராஜு கை போனதுக்கு நீ காரணம் இல்ல. அன்னைக்கு நீ அவன் கையில குடுத்தது சரியான தோட்டாதான். அது எனக்கு மறுநாள் காலையிலேயே தெரிஞ்சு போச்சு. பதினாலு வருஷமா தெரியும். தெரிஞ்சும் உன்னை அந்தப் பழியோட அலைய விட்டேன். இதோட இந்தக் கடுதாசியைக் கிழிச்சுப் போட்டுட்டு நீ எழுந்து போனாலும் கேக்க எனக்கு வாயில்ல. ஆனா என்ன நடந்துச்சுன்னு முழுசா தெரிஞ்சாதான் நீ உன் மனசுக்குள்ள திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிற அந்தப் படம் நிக்கும். அதனால பொறுமையாப் படி. ஷாலினியும் படிக்கட்டும், அவளுக்கும் நீ யாருன்னு சரியாத் தெரியணும்.

அந்தத் துப்பாக்கி உனக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளைக்காரன் காலத்து டபுள் பேரல், தோட்டாவை அடிக்கிற ரெண்டு குதிரையும் வெளியில தெரியும், கட்டையில ஒரு இடத்துல எலி கடிச்ச தடம். உங்கம்மாவோட தாத்தா ஒரு துரைகிட்ட வாங்கினதுன்னு முனிராஜு பெருமையா சொல்லுவான். எந்தத் துரைடான்னு கேட்டா ஒவ்வொரு தடவையும் ஒரு புதுப் பேர் வரும். ஆனேக்கல் நிலத்துல ராகிக்குள்ள காட்டுப்பன்னி இறங்கினா விரட்டறதுக்குன்னு பயிர்க்காவல் லைசென்ஸ். அந்த வேலைக்கு அவன் புது சிங்கிள் பேரல் ஒண்ணு வெச்சிருந்தான். இந்தப் பழசு பீரோவுக்குள்ள இருக்கிற குடும்ப மரியாதை. அந்த வருஷம் தேர்தல் வந்துச்சு, எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். இவன் எண்ணெய் கூட விடாம ஈரக் கோணியில சுத்திக் குடுத்துட்டு, தேர்தல் முடிஞ்சும் மூணு மாசம் போய் வாங்கல. வாங்கிக்கிட்டு நேரா நம்ம துப்பாக்கி ரிப்பேர் கடைக்கு வந்தான். கோணியைப் பிரிச்சுப் பார்த்துட்டு நான் அவனை திட்டின திட்டு, அன்னைக்கு நீ காலேஜ் விட்டு வந்து கடை வாசல்ல நின்னு கேட்டுச் சிரிச்ச.

டமாஸ்கஸ் குழல்னா என்னன்னு நீ கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவன். ஷாலினிக்காகச் சொல்றேன். இப்ப வர்ற குழல் ஒரே எஃகுத் துண்டுல துளை போட்டது. அந்தக் காலத்துல இரும்பையும் எஃகையும் பட்டை பட்டையா அடுக்கி, காய்ச்சி, கயிறு மாதிரி முறுக்கி, அந்தக் கயிறை ஒரு கம்பி மேல நாம முறுக்கு சுத்தற மாதிரி நெருக்கமா சுத்தி, அடிச்சு ஒட்ட வெச்சுட்டுக் கம்பியை உருவிடுவாங்க. அதனாலதான் மேல அலை அலையா கோலம் தெரியும். அதைத் திருப்பி வரவழைக்க, வேணும்னே லேசா துரு பிடிக்க வெச்சு, துடைச்சு, மறுபடி துரு பிடிக்க வெச்சு, துடைச்சுன்னு பத்து நாள் பண்ணணும். கோலம் மெல்ல மேல வர்றப்ப சாப்பாடு கூட மறந்து போகும், அவ்வளவு அழகு. ஆனா அந்தக் குழல் முழுக்க ஒட்டு. எந்த ஒட்டுக்குள்ள அழுக்கு மாட்டியிருக்கு, எங்க உள்ளுக்குள்ளயே துரு ஓடியிருக்குன்னு வெளியில இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. அதுவும் அந்தக் காலத்துக் கருமருந்துக்குன்னு பண்ணினது. கருமருந்து மெல்லத் தள்ளும், இப்ப வர்ற மருந்து உதைக்கும். பழசுல தோட்டா உட்கார்ற இடமும் கால் இஞ்ச் குட்டை. புதுத் தோட்டா உள்ள போகும், மூடியும் மாட்டும், ஆனா வெடிக்கிறப்ப அதோட வாய் விரிய இடம் இருக்காது, அழுத்தம் எகிறிடும்.

அதனாலதான் நம்ம கடையில நான் சட்டம் போட்டு வெச்சிருந்தேன். டமாஸ்கஸ்னா, நாமே பித்தளை கேஸ்ல கருமருந்தை லேசாப் போட்டுத் தர்ற தோட்டா மட்டும்தான், சிவப்பு பிளாஸ்டிக் தோட்டா கிட்டயே வரக்கூடாது. சுட்ட அன்னைக்கே கொதிக்கிற தண்ணி ஊத்திக் கழுவி, காய வெச்சு, எண்ணெய் விடணும். ரிப்பேர் முடிஞ்ச துப்பாக்கியை முதல் தடவை யாரும் தோள்ல வெச்சு சுடக்கூடாது, பழைய லாரி டயர்ல கட்டிட்டு, சுவருக்குப் பின்னால நின்னு கயிறால இழுக்கணும். இது எல்லாத்துக்கும் முன்னாடி குழலோட சுவர் எவ்வளவு தடிமன்னு கேஜ் வெச்சு நீளத்துக்கும் சுத்துக்கும் அளந்து எழுதணும். ஊருக்கெல்லாம் இதை ஒப்பிச்சவன் நான்தான். அளக்காம ஒரு துப்பாக்கியைக் கையில வாங்கினதுக்கு எங்ககூட வேலை பார்த்த ஒருத்தரை நாலு கஸ்டமர் முன்னாடி அவமானப்படுத்தினவனும் நான்தான்.

இப்ப நான் என்ன பண்ணினேன்னு கேளு. முனிராஜு துப்பாக்கியில, இடது குழலுக்குள்ள, தோட்டா போடற மூடியில இருந்து ஒரு சாண் தள்ளி மிளகு அளவுக்கு ஒரு துருக்குழி. சுடறப்ப இடது கை பிடிக்கிற இடத்துக்கு நேர் மேல. அதை அப்படியே விட்டுட்டு, சுத்தம் பண்ணி எண்ணெய் விட்டு, இதை சுட வேணாம் சுவத்துல மாட்டுன்னு சொல்லியிருந்தா வேலை முடிஞ்சுது. ஆனா அவன் வாரம் ஒரு தடவை வந்து குழலைத் தூக்கி வெளிச்சத்துல பார்ப்பான். "அந்தப் புள்ளி போயிடுமா மாமா? கண்ணாடி மாதிரி இருக்கணும், சித்தப்பா எல்லாம் வந்து பார்ப்பாங்க"ம்பான். அவங்க வீட்ல நான் இந்த வேலை பார்க்கிறவன்னு கொஞ்சம் இளப்பம் உண்டு. படிச்ச மாப்பிள்ளையா பார்த்திருக்கலாம்னு அந்தச் சித்தப்பா என் கல்யாணத்தன்னைக்கே சொன்னவர். அவர் கண்ணு முன்னாடி அது மின்னணும்னு எனக்கும் ஆசை வந்துடுச்சு. ஆரம்பத்துல மேல் பக்கம் மட்டும் ஒரு தடவை அளந்தேன், முப்பத்தஞ்சு தவு. ஒரு தவுன்னா இஞ்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு. நிறைய இருக்குன்னு குழலுக்குள்ள எமரித் தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பிச்சேன். தேய்ச்சேன், பார்த்தேன், புள்ளி இருந்துச்சு, மறுபடி தேய்ச்சேன். பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் புள்ளி காணாமப் போச்சு. குஷியாதான் இருந்துச்சு.

மறுநாள் ஆயுத பூஜை. காலையிலேயே கடையைக் கழுவி, அரம், ஸ்க்ரூ டிரைவர், சுத்தி, கேஜ் எல்லாத்தையும் வாழை இலையில வரிசையா வெச்சு, சந்தனம் குங்குமம் இட்டு, பூ போட்டு, பூசணிக்காய் உடைச்சாச்சு. பூஜையில வெச்ச சாமானை மறுநாள் காலை வரைக்கும் தொடக்கூடாது. மத்தியானம் முனிராஜு ஜீப்போட வந்து நின்னான். டிராக்டர், பம்ப்செட், சிங்கிள் பேரல் எல்லாத்துக்கும் சாயங்காலம் பூஜை, தாத்தா துப்பாக்கி மட்டும்தான் பாக்கி, எடுங்க மாமான்னு அவசரப்படுத்தினான். நாளைக்கு வந்து வாங்கிக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பூஜையில வெச்சுக்கோ, சுடாதேன்னாவது சொல்லியிருக்கலாம். நான் குழலைக் கழட்டி ஒரு விரல்ல தொங்க விட்டு, விரல் மொழியால தட்டினேன். கோவில் மணி மாதிரி கணீர்னு பாடுச்சு. முனிராஜு "ஆஹா"ன்னான். அந்தச் சத்தம் சொல்றது ரெண்டு குழலையும் சேர்க்கிற ஈய ஒட்டு விடலங்கறது மட்டும்தான். சுவர் எவ்வளவு இருக்குன்னு அது சொல்லாது. இது எனக்குத் தெரியாதா? தெரியும்.

கேஜ் பூஜையில இருந்துச்சு, அதான் அளக்க முடியலன்னு இத்தனை வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன். சாமி மேல போடறது சுலபம், அது திருப்பிப் பேசாது. ஆனா பூஜை முடியறதுக்குள்ள படைச்ச தட்டுல இருந்து வாழைப்பழத்தை உருவித் தின்னுட்டு உங்கம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிறவன் நான், நீயே பார்த்திருக்க. பக்தியால நான் கேஜைத் தொடாம இருக்கல. ஜாஸ்தியா தேய்ச்சுட்டோம்னு உள்ளுக்குள்ள சந்தேகம். அளந்தா நம்பர் தெரிஞ்சுடும், தெரிஞ்சா துப்பாக்கியைக் குடுக்க முடியாது, சித்தப்பா முன்னாடி மின்னாது. அந்த நம்பரைப் பார்க்கப் பயந்தேன், பூஜை எனக்கு வசதியா அமைஞ்சுது. டயரும் கயிறும் கடைக்குப் பின்னாலதான் கிடந்துச்சு. அதையும் யாரும் பூஜையில வெக்கல.

ஆனேக்கல்ல நடந்தது உனக்குத் தெரியும், ஆனா நீ பார்க்காததையும் சேர்த்துச் சொல்றேன். சொந்தக்காரங்க பத்து பேர் இருந்தாங்க. பூஜை முடிஞ்சதும் முனிராஜு சிங்கிள் பேரல்ல சிவப்புத் தோட்டா போட்டு, குட்டையோட மண்கரையைப் பார்த்து ஒரு தடவை சுட்டான். காலி கேஸ் கீழ விழுந்துச்சு. அப்புறம் தாத்தா துப்பாக்கியை எடுத்தான். தோட்டாப் பை உன் தோள்ல இருந்துச்சு, ரெண்டு வகையும் அதுலதான். "பித்தளை மட்டும்டா"ன்னு நான் சொன்னேன். "தெரியும்ப்பா"ன்ன. வலது குழல் நல்லா வெடிச்சுது, வெள்ளைப் புகை, எல்லாரும் கை தட்டினாங்க. ரெண்டாவதா இடது குழல் வெடிச்சப்ப சத்தம் வேற மாதிரி இருந்துச்சு, குழலே கிழிஞ்சுடுச்சு. முனிராஜு கத்தக்கூட இல்ல, கையைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்துட்டான். உங்கம்மா ஓடி வந்து முந்தானையைக் கிழிச்சுக் கட்டினா. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான் மிஞ்சுச்சு. ரெண்டாவது வெடிக்கும் அதே வெள்ளைப் புகைதான் வந்துச்சு தம்பி. சிவப்புத் தோட்டாவா இருந்தா அவ்வளவு புகை வராது. அங்க இருந்தவங்கள்ல அதைப் புரிஞ்சுக்கக் கூடிய ஒரே ஆள் நான்.

ஜீப் கிளம்பறதுக்குள்ள சித்தப்பா என்னைப் பார்த்து, "என்னய்யா ரிப்பேர் பண்ணியிருக்க நீ?"ன்னு கேட்டார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. அந்த மாசம்தான் ரிப்பேர் லைசென்ஸ் புதுப்பிக்கக் குடுத்திருந்தேன். லைசென்ஸ் போனா கடை போச்சு, கடை போனா உன் காலேஜ் போச்சுன்னு தோணுச்சு, அப்படித்தான் பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அந்த நொடியில நான் அதெல்லாம் யோசிக்கல. வாய் தானா வந்துச்சு. "ரிப்பேர்ல ஒண்ணும் இல்ல. பையன் தோட்டாவை மாத்திக் குடுத்துட்டான்"னேன். நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கல. "பித்தளைதான்ப்பா குடுத்தேன்"ன்ன. அப்புறம் மாமாவோட ரத்தத்தைப் பார்த்துட்டு, "குடுத்தேன்னுதான் நெனைக்கறேன்"ன்ன. அந்த 'நெனைக்கறேன்'ஐ நான் கெட்டியா பிடிச்சுக்கிட்டேன். இருபது வயசுப் பையன் பயத்துல தடுமாறினதை எனக்குச் சாதகமா எடுத்துக்கிட்டேன்.

துப்பாக்கியை யாரும் தொடாதீங்கன்னு சொல்லி நானே ஒரு ரூம்ல வெச்சுப் பூட்டியிருந்தேன். மறுநாள் காலையில ஸ்டேஷன்ல இருந்து ஆள் வர்றதுக்கு முன்னாடி கேஜை எடுத்துக்கிட்டுப் போய்த் திறந்து பார்த்தேன். இடது குழல்ல இருந்தது பித்தளை கேஸ். நான் போட்ட தோட்டா, என் அடையாளம் கீறினது. கிழிஞ்ச ஓரத்தை அளந்தேன். ஒரு பக்கம் இருபத்தேழு தவு, இன்னொரு பக்கம் பதினஞ்சு. நாலு சவர பிளேடை அடுக்கினா அவ்வளவுதான் வரும். பழைய குழல்ல துளை நடுவுல இருக்காது, ஒரு பக்கமா ஒதுங்கியிருக்கும்னு படிச்சுப் படிச்சு சொல்றவன், சுத்தி அளக்கல. முந்தின நாள் பயத்துல சொன்ன பொய்யை அப்பவே வெளியில வந்து திருத்தியிருக்கலாம். வாசல்லதான் எல்லாரும் காபி குடிச்சுக்கிட்டு நின்னாங்க. நான் பித்தளை கேஸை ஜேப்புல போட்டுக்கிட்டேன். குட்டைக்கரைக்குப் போய், சிங்கிள் பேரல்ல சுட்ட காலி சிவப்பு கேஸைத் தேடி எடுத்துட்டு வந்தேன். ஸ்டேஷன்காரர் வந்ததும், இதுதான் உள்ள இருந்துச்சுன்னு அதை அவர் கையில குடுத்தேன். அவர் உன்னைப் பார்த்துட்டு, "ஹோக்லி பிடி சாமி, சிக்க ஹுடுகா", போகட்டும் விடுங்க சின்னப் பையன்னு பரிதாபப்பட்டு, கைத்தவறுதல்னு எழுதிக்கிட்டுப் போனார். நீ அந்த சிவப்பு கேஸைப் பார்த்த. அதைப் பார்த்த அப்புறம் நீ 'நெனைக்கறேன்'னு கூட சொல்லல.

அதுக்கப்புறம் நடந்தது நீ வாழ்ந்தது, நான் என்ன சொல்றது. ஆஸ்பத்திரியில முனிராஜு, "விடு மாப்ளே, ரெண்டு விரல் போதும், பீடி பிடிக்கலாம்"னு உன்னைச் சிரிக்க வெக்கப் பார்த்தான். நீ வெளியில வந்து வாந்தி எடுத்த. உங்கம்மா வீட்டுக்கு வந்ததும், "உன்னாலதான்டா என் தம்பி கை போச்சு, கண்ணு தெரியலையா உனக்கு"ன்னு உன் முன்னாடி தலையில அடிச்சுக்கிட்டு அழுதா. நான் பக்கத்து ரூம்ல இருந்தேன். பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அன்னையில இருந்து நீ அவகூட உட்கார்ந்து சாப்பிடறதை நிறுத்திட்ட. வேலை கிடைச்சதும் ஹெப்பகோடிக்குப் போயிட்ட. அங்கிருந்து ஆனேக்கல் அரை மணி நேரம். பதினாலு வருஷமா நீ அந்த வாசல்ல கால் வெக்கல. ஒவ்வொரு பொங்கலுக்கும் முனிராஜு கேப்பான், மாப்ளை வரலையான்னு. அவனுக்கு வேலை ஜாஸ்திம்பேன். நீ பேச்சைக் கம்மி பண்ணிக்கிட்ட, சிரிப்பைக் கம்மி பண்ணிக்கிட்ட, ஒரு கதவைப் பூட்டினா மூணு தடவை இழுத்துப் பார்க்கிற. காஸ் அடுப்பை அணைச்சோமான்னு பாதி வழியில இருந்து திரும்பி வர்ற. உன் கை மேல உனக்கே நம்பிக்கை இல்லாமப் போச்சு. அதை நான்தான் எடுத்தேன்.

கல்யாணம் பண்ணிக்கப் போறவனுக்குப் புத்தி சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. ஆனாலும் அப்பன், சொல்லாம இருக்க வரல. ஷாலினிகிட்ட ஏதாவது தப்பு பண்ணினா அன்னைக்கே சொல்லிடு. மறுநாள் சொன்னா, ஏன் நேத்து சொல்லலங்கறதையும் சேர்த்துச் சொல்லணும். ஒரு வருஷம் போச்சுன்னா அந்த ஒரு வருஷத்தையும் சொல்லணும். எனக்கு அப்படித்தான் ஆச்சு. முதல் மாசம் சொல்லியிருந்தா ஒரு ரிப்பேர்காரனோட தப்பு, முனிராஜு ரெண்டு திட்டு திட்டியிருப்பான். போன மாசம் குடகுல இருந்து ஒரு எஸ்டேட்காரர் இதே மாதிரி ஒரு டமாஸ்கஸ் கொண்டு வந்தார். பண்டிகைப் போட்டியில தேங்காயைக் குறி வெச்சு சுடணும், உள்ள பளபளன்னு பண்ணிக் குடுங்கன்னார். பதினாறு இடத்துல அளந்து, நம்பரை எழுதி, இதை சுட வேணாம் சார், சுவத்துல மாட்டுங்கன்னு திருப்பிக் குடுத்தேன். அவர் கோவிச்சுக்கிட்டுப் போனார். பெரிய நேர்மைக்காரன் மாதிரி எனக்கே ஒரு திருப்தி. புதன்கிழமை உன் போன் வந்த அப்புறம் அந்தத் திருப்தியை நெனைச்சா எனக்கே அசிங்கமா இருக்கு.

ஞாயித்துக்கிழமை பஸ் பிடிச்சு ஆனேக்கல் போனேன். முனிராஜு சாமந்தித் தோட்டத்துல பூக்கூடை கட்டிக்கிட்டிருந்தான். ரெண்டு விரல்ல சணலைப் பிடிச்சுக்கிட்டுப் பல்லால இழுத்து முடிச்சுப் போடுவான், நீ பார்த்ததில்ல. பித்தளை கேஸை அவன் முன்னாடி வெச்சு எல்லாத்தையும் சொன்னேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எப்பத்துல இருந்து தெரியும் மாமா?"ன்னு கேட்டான். மறுநாள் காலையில இருந்துன்னேன். "மாப்ளைக்கு?" தெரியாதுன்னேன். கூடையைத் தள்ளி வெச்சுட்டு எழுந்தான். முப்பத்தஞ்சு வருஷத்துல முதல் தடவையா என்னை நீன்னு கூப்பிட்டான். "கை போனதுக்கு நான் உன்னை ஒண்ணும் கேக்கல. ஆசைப்பட்டுத் தேய்க்கச் சொன்னவன் நான். ஆனா அந்தப் பையன் என் வீட்டு வாசலை மிதிச்சு எத்தனை வருஷம் ஆச்சு? அவனை நான் தோள்ல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சவன். அதைத் தேய்ச்சு எடுத்துட்டியே"ன்னான். நான் கிளம்பத் திரும்பினேன். "என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போகலாம்னு பார்க்காத. அன்னைக்குப் பத்து பேர் முன்னாடி அவன் பேரைச் சொன்ன. இருக்கிறவங்க வீட்டுக்கெல்லாம் போய் உன் வாயாலயே சொல்லு. அதுக்கப்புறம் அவன்கிட்ட சொல்லு"ன்னான். காபி குடுக்கல. நானும் எதிர்பார்க்கல.

போனேன். மூணு பேர் இப்ப இல்ல. மீதி ஏழு வீட்டுக்கும் நாலு நாள்ல போயிட்டு வந்தேன். ஒருத்தர் டிவியை அணைக்காமலே கேட்டுட்டு, இப்ப எதுக்குங்க இதெல்லாம்னார். ஒரு அம்மா என்னை உட்காரக் கூட சொல்லல, அது நியாயம்தான். சித்தப்பாவுக்குக் காது மந்தமாயிடுச்சு. ரெண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்துச்சு, தெருவுக்கே கேட்டிருக்கும். பையன் இல்ல, நான், என் ரிப்பேர்னு கத்தினேன். அவர், "அந்தப் பையனை நான் எத்தனை கல்யாணத்துல முகம் குடுக்காம விட்டேன்"னு சொல்லி அழுதார். ஸ்டேஷனுக்கும் நடந்ததை எழுதிக் குடுத்துட்டேன், ரிப்பேர் லைசென்ஸையும் திருப்பிக் குடுத்தாச்சு. அவங்க என்ன பண்ணினாலும் சரி. நீ முனிராஜைக் கூப்பிடணும், அது ஒண்ணுதான் நான் உன்கிட்ட கேக்கறது. ரிஜிஸ்டர் ஆபீஸா இருந்தா என்ன, வாசல்ல நின்னாவது மாப்ளைக்கு மாலை நான்தான் போடுவேன்னு அவன் நேத்து போன் பண்ணிச் சொன்னான். அவன் கையை நீ தைரியமா நிமிர்ந்து பார்க்கலாம். நான் வர்றதும் வராததும் உன் இஷ்டம். வர வேணாம்னா, காரணம் கேக்க மாட்டேன்.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. இதை எழுதறதுக்குத்தான் எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. நாலு வருஷம் முன்னாடி உங்கம்மா போறதுக்கு ரெண்டு நாள் இருக்கிறப்ப, நீ ரிப்போர்ட் வாங்கக் கீழ போயிருந்த. அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "பையன் வேணும்னா பண்ணினான்? நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க. நான் அவனை மன்னிச்சுட்டேன்னு சொல்லிடுங்க. எனக்கு அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமா இருக்கு"ன்னா. மன்னிக்கறதுக்கு அவன் ஒண்ணுமே பண்ணலன்னு அவளுக்குச் சொல்லக் கூடிய ஆள் உலகத்துல நான் ஒருத்தன்தான், அந்த ரூம்லயும் நான் ஒருத்தன்தான் இருந்தேன். வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா கடைசி ரெண்டு நாள் அவ என்னைப் பார்க்க மாட்டாளேன்னு தோணுச்சு. "சரி, சொல்லிடறேன்"னேன். அவ நிம்மதியா கண்ணை மூடிக்கிட்டா. அவ சொன்னதையும் உன்கிட்ட நான் சொல்லல. சொன்னா நீ அழுவ, நீ அழுதா எனக்கு உண்மை வெளியில வந்துடும்னு பயம். கொஞ்ச நேரத்துல நீ மூச்சு வாங்க மேல ஏறி வந்து, "அம்மா ஏதாவது கேட்டாங்களாப்பா?"ன்ன. "ஒண்ணும் கேக்கல, தூங்கறா"ன்னு சொன்னேன்.

அப்பா